த்ரீ நாட் த்ரீயா (.303), டூ டூவா (.22)? பழைய ராணுவ ரைஃபிளை அடையாளம் காண

1. முதலில் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். நம் ஊர்ப் பரணில் கிடைத்ததென்றால் எதையும் ஆராயாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 'தாத்தா சொத்து' என்றால் எடுபடாது.

2. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைஃபிள் என்றால், போல்ட் கைப்பிடியை ஒட்டிக் கட்டையின் கழுத்தைப் பிடித்திருக்கும் இரும்புப் பகுதியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடம், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, மாடல் வரிசையாக இருக்கும். இங்கிலாந்தின் என்ஃபீல்டு, ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்து இஷாப்பூர் எல்லாம் வரும். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தூளைத் தேய்த்துத் துடையுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் பள்ளம் தெரியும். உப்புத்தாள் மட்டும் கூடாது. துருவோடு முத்திரையும் போய்விடும்.

3. அந்த முத்திரை பிறந்த கதையை மட்டுமே சொல்லும். பின்னால் குழலை மாற்றியிருக்கலாம். 1926-ல் பிரிட்டிஷ் ராணுவம் பெயர்களை மாற்றியபோது .303 ரைஃபிள் 'நம்பர் 1' ஆனது. அதே உடம்பில் பயிற்சிக்காகச் செய்த .22 'நம்பர் 2' ஆனது. பழைய எழுத்துக்குப் பக்கத்தில் 'நம்பர் 2' இருந்தால் .22-ஆக மாற்றியது என்று சந்தேகப்படுங்கள்.

4. எனக்கு மிகவும் நம்பகமான அடையாளம் போல்ட்டின் முகம். .303-ல் ஊசி வரும் துளை நட்ட நடுவில் இருக்கும். .22 தோட்டாவை விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும்; அதனால் துளை ஓரமாக ஒதுங்கியிருக்கும்.

5. குழல் வாயைப் பாருங்கள். .22-ஆக மாற்றியதில் வெளிப்பருமன் பழையபடியே இருக்க, 7.7 மி.மீ. துளை இருக்கவேண்டிய இடத்தில் 5.6 மி.மீ.தான் இருக்கும். துளையைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் தெரிந்தால், பழைய குழலைக் குடைந்து உள்ளே வேறு குழாய் செருகியிருக்கிறார்கள். 'நம்பர் 2'-இல் 'மார்க் 4 ஸ்டார்' மாடல் இந்த ரகம்.

6. .22-ல் மேகசின் பெட்டி வெளியே பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே ஸ்பிரிங் இருக்காது. தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டும். சுட்ட வெற்றுக்கூடு அந்தப் பெட்டிக்குள் விழும். என்.சி.சி. முகாமில் டூ டூ பிடித்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம். தோட்டா மலிவு, உதை குறைவு. மாற்றியதன் காரணமே அதுதான்.

7. .315-ஐப் பார்த்து ஏமாறாதீர்கள். உருவம் லீ என்ஃபீல்டுதான், ஆனால் துளை .303-ஐவிடப் பெரியது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வந்த ரகம்.

8. குழாய் செருகியது லீ என்ஃபீல்டில் மட்டுமல்ல; இத்தாலியின் 1870 வெட்டர்லி என்றால் கூடுதல் கவனம். 10.35 மி.மீ. ரைஃபிளை முதல் உலகப் போரில் குழாய் செருகி 6.5 மி.மீ. ஆக்கினார்கள். கருமருந்துக் காலத்து போல்ட். புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்காகச் செய்ததல்ல. சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது.