ஜெராக்ஸை மட்டும் கிழித்தால் போதுமா?

ஹண்டிங்டன் நோய் பற்றிக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவது மாதிரிதான். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தொடங்கும். கை, கால் தானாக ஆடும். யோசிக்கும் திறனும் சுபாவமும் மாறும். நம்ம வயசிலேயே ரத்தப் பரிசோதனையில் "வருமா, வராதா" என்று தெரிஞ்சுக்கலாம். ஆனால் வராமல் தடுக்க இன்னும் வழியில்லை.

கோளாறு எங்கே? நான்காவது குரோமோசோமில், ஹண்டிங்டின் என்ற புரதத்துக்கான மரபணுவில். 1993-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். சாதாரணமாக 26 தடவை வரைதான் இருக்கும். 40 அல்லது அதற்கு மேல் போனால் நோய் வந்தே தீரும். அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் நீண்டு, முடிச்சு போட்டு, மூளை செல்களைக் கொல்கிறது.

இப்போ நம்ம லைப்ரரியை நினைச்சுக்கோங்க. ரெஃபரன்ஸ் புத்தகத்தை வெளியே தர மாட்டாங்க, ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். புத்தகம்தான் டி.என்.ஏ. ஜெராக்ஸ்தான் எம்.ஆர்.என்.ஏ. செல் அந்த ஜெராக்ஸைப் படித்துத்தான் புரதம் செய்கிறது. மரபணுவை மௌனமாக்குவது என்றால், புத்தகத்தைத் தொடாமல் ஜெராக்ஸைக் கிழிப்பது. அவ்வளவுதான்! எம்.ஆர்.என்.ஏ-வின் எழுத்துகளுக்கு ஜோடியாகப் பொருந்தும் ஒரு குட்டி இழையை அனுப்பினால், அது போய் ஒட்டிக்கொள்ளும். உடனே செல்லில் உள்ள ஒரு நொதி அந்த எம்.ஆர்.என்.ஏ-வை வெட்டிவிடும். ஆனால் செல் புதுசு புதுசாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மருந்தையும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

டோமினெர்சன் என்ற மருந்து இப்படிப்பட்டதுதான். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக முடியாது என்பதால், முதுகுத்தண்டு நீரில் ஊசி போட்டார்கள். புரதம் குறைந்தது. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. ஆனால் 2021 மார்ச்சில் மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. 8 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டவர்கள், மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களைவிட மோசமாகியிருந்தார்கள்.

ஏன்? நம்மிடம் பெரும்பாலான மரபணுக்களுக்கு இரண்டு பிரதி உண்டு: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இந்த மருந்து கெட்ட பிரதியின் ஜெராக்ஸோடு நல்லதையும் கிழித்தது. மூளை செல்களுக்கு நல்ல ஹண்டிங்டின் தேவை. இது ஒரு காரணமாக இருக்கலாம். அளவு அதிகமானதும், நோய் முற்றிய பிறகு கொடுத்ததும்கூடக் காரணமாக இருக்கலாம்.

அதுக்காக வழியே தப்புன்னு முடிவு கட்டிடாதீங்க. 2023-ல், எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறால் வரும் ஏ.எல்.எஸ் நரம்பு நோய்க்கு, இதே முறையில் வேலை செய்யும் டோஃபெர்சன் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இனி இப்படி ஒரு செய்தியைப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்க. எந்தப் பிரதியை அடக்குகிறார்கள்? எவ்வளவு அடக்குகிறார்கள்? நோயின் எந்தக் கட்டத்தில் கொடுக்கிறார்கள்? "புரதம் குறைந்தது" என்பது பாதி பதில்தான். நோயாளி நன்றாக இருக்கிறாரா என்பதுதான் மீதி.