தாத்தாவின் மூக்குக்கண்ணாடி

தில்லியில் மயூர் விஹார் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், தாத்தாவுக்கு அடிக்கடி நெஞ்சுவலி வந்தது. எய்ம்ஸ் மருத்துவமனையில் சோதித்த மருத்துவர்கள், இதயத்தின் மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு இருப்பதாகக் கூறினர். காலிலிருந்து எடுக்கும் குழாயை இதயத்தில் பொருத்தி, இரத்தம் செல்ல மாற்றுவழி அமைக்க வேண்டும். அதற்குக் குறித்த நாளோ ஐந்து திங்களுக்கு அப்பால் இருந்தது.

"தாத்தாவுக்கு இப்போதே வலிக்கிறதே, அம்மா! ஏன் இத்தனை நாள்?" என்று பேத்தி சினந்தாள்.

"அறுவை முடிந்தவர் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருக்க வேண்டும், கண்ணே. அங்கே ஒரு படுக்கை ஒழிந்தால்தான் அடுத்தவருக்கு அறுவை செய்ய இயலும்" என்றாள் அம்மா.

எய்ம்ஸ், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அச்சட்டம் நிறைவேற உழைத்தவர் நாட்டின் முதல் நலவாழ்வு அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். கட்டடப் பணிக்கு நியூசிலாந்து நாடு பொருளுதவி செய்தது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையும் 1994இல் இங்கேயே நடந்தது. பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கு வருகின்றனர். தங்க இடமின்றி நடைபாதையில் உறங்குவோரும் உண்டு. மெட்ரோவில் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கி வண்டி மாறிச் செல்லும் தாத்தாவுக்கு அந்தத் துன்பமாவது இல்லை.

அந்த ஐந்து திங்களில் தாத்தா புகையிலையை அறவே விட்டார். ஐம்பது ஆண்டுப் பழக்கம் அது! மாமா இரத்தக் கொடை அளித்தார். பேத்தியும் முன்வந்தாள், பதினெட்டு வயது நிரம்பாததால் மறுத்துவிட்டனர்.

குறித்த நாளும் வந்தது. இரவு முதல் உண்ணாமல் தாத்தா காத்திருந்தார். காலையில் மருத்துவர் வந்து, "இரவில் உயிருக்குப் போராடும் நிலையில் ஓர் இளைஞர் வந்தார். உங்கள் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். நாளை மறுநாள் பார்ப்போம்" என்றார். பேத்தியின் கண்கள் கலங்கின. தாத்தா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்வானா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை தள்ளுவண்டி வந்தது. தாத்தா தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தார். ஐந்து மணிநேரம் அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். அறுவை நன்கு முடிந்தது. நான்கு நாள் கழித்துப் பொதுப்பிரிவில் அவரைக் கண்டபோது, "முதலில் கண்ணாடியைக் கொடு, நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியவில்லை" என்றார் தாத்தா.

சொற்பொருள்: திங்கள் – மாதம், அறவே – முழுவதும், சினந்தாள் – கோபித்தாள்.

பயிற்சி: தாத்தாவின் அறுவை தள்ளிப்போனது ஏன்? அவ்வேளையில் உன் தாத்தாவிடம் நீ என்ன சொல்லியிருப்பாய்? ஐந்து வரிகளில் எழுதுக.