குடிமக்களின் தலைவர் கஸ்டவ் ஹைனமன்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வரலாற்று மாணவர்களாகிய நாம் ஜெர்மனியைப் பற்றி நிறையவே படிக்கிறோம். பிஸ்மார்க்கை அறிவோம், கெய்சர் இரண்டாம் வில்லியத்தை அறிவோம், ஹிட்லரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் 1945 மே மாதத்தோடு பாடம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இடிந்த நகரங்களில் எஞ்சி நின்ற மக்கள் பிறகு என்ன ஆனார்கள்? ஒரு தலைவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணிந்து பழகிய நாடு குடியாட்சியை எவ்வாறு கற்றுக்கொண்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது என் கருத்தைக் கவர்ந்தவர் கஸ்டவ் ஹைனமன். 1969 முதல் 1974 வரை அன்றைய மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவராக விளங்கியவர் அவர். ஏற்ற பதவியைவிடத் துறந்த பதவியால் உயர்ந்த அவருடைய வாழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

அதிகாரம் குறைந்த பதவி

முதல் உலகப் போருக்குப்பின் அமைந்த வைமர் குடியரசில் குடியரசுத் தலைவரின் கை மிகவும் ஓங்கியிருந்தது. நெருக்கடிக் காலத்தில் நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஆணைகள் பிறப்பிக்க அவரால் முடிந்தது. அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த ஹிண்டன்பர்க்தான் 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். பின்னர் நடந்ததை உலகம் அறியும்.

சூடு கண்ட பூனைபோல, 1949-இல் புதிய அரசியல் சட்டம் வகுத்தவர்கள் அப்பதவியின் அதிகாரங்களைக் குறைத்துவிட்டனர். ஆட்சி பிரதமர் கையில். குடியரசுத் தலைவர் நாட்டின் அடையாளம். அவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. மைய நாடாளுமன்ற உறுப்பினர்களும், அதே எண்ணிக்கையில் மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பும் பேராளர்களும் கூடித் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் 5 ஆண்டுகள். இத்தகைய பதவியில் இருப்பவருக்கு எஞ்சியுள்ள ஒரே படைக்கலம் சொல்தான். அந்தச் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? சொல்பவரின் வாழ்விலிருந்துதான் வரவேண்டும்.

இளமையும் கல்வியும்

ஹைனமன் 1899 ஜூலை 23 அன்று வெஸ்ட்பாலியப் பகுதியிலுள்ள ஷ்வெல்ம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எஸன் நகரில் புகழ்பெற்ற குருப் இரும்பாலையில் பணியாற்றியவர். தாய்வழி முன்னோர் 1848-ஆம் ஆண்டின் குடியாட்சிப் புரட்சியோடு தொடர்புடையவர்கள். அந்தப் புரட்சியின் நினைவு குடும்பத்தில் அணையாமல் காக்கப்பட்டது. ஹைனமன் சட்டமும் பொருளியலும் வரலாறும் பயின்று, இரண்டு டாக்டர் பட்டங்கள் பெற்றார். எஸனில் வழக்கறிஞராகி, பின் ஒரு பெரிய உருக்கு நிறுவனத்தின் சட்ட ஆலோசகராக உயர்ந்தார்.

ஹிட்லர் ஆட்சியில்

நாஜிகள் அரசை மட்டுமன்றித் திருச்சபையையும் தம் கைக்குள் கொண்டுவர முயன்றனர். இதை எதிர்த்த புரோட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் 1934 மே மாதம் பார்மன் என்னும் ஊரில் கூடி, திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே என்று அறிவித்தனர். இவ்வியக்கத்தில் ஹைனமன் ஈடுபட்டார். அவருடைய வீட்டு நிலவறையில் தடைசெய்யப்பட்ட துண்டு வெளியீடுகள் அச்சாயின. ஆயினும் அவர் சிறை செல்லவில்லை. நிறுவனப் பணியையும் விடவில்லை.

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில் புரோட்டஸ்டண்ட் தலைவர்கள் குற்ற ஒப்புதல் அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். இன்னும் துணிவோடு நாங்கள் எதிர்த்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதில் ஒப்பமிட்டோருள் ஹைனமனும் ஒருவர். எதிர்ப்பில் பங்கு கொண்டவரே, தாம் செய்தது போதாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவருடைய பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள இக்கையெழுத்தே திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

துறந்த பதவி

போருக்குப்பின் எஸன் நகரின் மேயராக இருந்த அவர், 1949-இல் பிரதமர் அடனாவரின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். ஓராண்டுகூட அமைதியாகக் கழியவில்லை. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. ஜெர்மானியர் மீண்டும் ஆயுதம் ஏந்தவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அடனாவர் அமைச்சரவையைக் கலந்து பேசாமலேயே, ஜெர்மன் படைப்பிரிவு ஒன்றைத் தர முடியும் என்று மேற்கு வல்லரசுகளுக்குக் குறிப்பு அனுப்பினார்.

ஹைனமன் கொதித்தார். இவ்வளவு பெரிய செய்தியைத் தனியொருவர் முடிவு செய்வது குடியாட்சி ஆகுமா என்பது அவர் முதற்கேள்வி. இரண்டு போர்களில் ஆயுதம் நம் கையிலிருந்து தட்டிவிடப்பட்ட பிறகு மூன்றாம் முறையும் அதை எடுப்பதா என்பது இரண்டாவது. படை அமைத்தால் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்த நாடு மேலும் இறுகிப் பிரிந்துபோகும் என்பது அவருடைய அச்சம். 1950 அக்டோபரில் அவர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

பின்பு நேர்ந்தது அரசியல் வனவாசம். 1952-இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு புதிய கட்சி தொடங்கினார். 1953 தேர்தலில் அதற்குக் கிடைத்த வாக்குகள் 1.2 விழுக்காடு, நாடாளுமன்றத்தில் நுழையத் தேவையானதோ 5 விழுக்காடு! 1957-இல் அக்கட்சியைக் கலைத்துவிட்டு அவர் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். பழைய சிறு கட்சியில் அவரோடு இருந்த இளைஞர் யொஹான்னஸ் ரௌ பிற்காலத்தில், 1999-இல், தாமும் குடியரசுத் தலைவரானார். இவர் மணந்தது ஹைனமனின் பேத்தியை.

சட்ட அமைச்சர்

1966-இல் அமைந்த கூட்டணி அரசில் ஹைனமன் சட்ட அமைச்சரானார். நூற்றாண்டுப் பழமையான தண்டனைச் சட்டத்தைத் திருத்தும் பணி விரைவுபெற்றது. கடுங்காவல் சிறைமுறை ஒழிந்தது; திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தைகளின் உரிமைகள் விரிந்தன. இச்சீர்திருத்தங்கள் 1969-இல் சட்டமாயின.

ஒரு குறையையும் இங்கே மறைக்கக் கூடாது. அவர் அமைச்சராக இருந்தபோது, 1968-இல், பிறிதொரு சட்டத்தில் நுழைந்த ஒரு திருத்தத்தால் நாஜிக் கொலைகளுக்கு உடந்தையாக இருந்த பலர் காலவரம்பு கடந்ததென்று தப்பினர். நாடாளுமன்றத்தில் யாரும் அதன் விளைவை உரிய நேரத்தில் உணரவில்லை. நல்லவர் தலைமையிலும் கோப்புகள் தம் போக்கில் நகரும் என்பதற்கு இது சான்று.

அதே 1968 ஏப்ரலில் மாணவர் தலைவர் ரூடி டுச்கே பெர்லின் தெருவில் சுடப்பட்டார். நாடெங்கும் மாணவர்கள் கொந்தளித்தனர். அப்போது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசிய ஹைனமன், பிறரை நோக்கி ஒரு விரலை நீட்டுபவனின் கையில் மூன்று விரல்கள் அவனையே சுட்டுகின்றன என்றார். மாணவர்களின் வன்முறையைக் கண்டித்தார். அவர்களை அந்நிலைக்குத் தள்ளியதில் பெரியவர்களுக்கும் பங்குண்டா என்றும் கேட்டார். ஓர் அமைச்சர் இவ்வாறு பேசியது மாணவர்களாகிய நமக்கு இன்றும் வியப்பளிக்கிறது அல்லவா?

குடியரசுத் தலைவர்

1969 மார்ச் 5 அன்று பெர்லினில் தேர்தல் நடந்தது. இரண்டு சுற்றுகளில் முடிவு ஏற்படவில்லை. மூன்றாம் சுற்றில் ஹைனமன் 512 வாக்குகளும், எதிர்த்து நின்ற கெர்ஹார்ட் ஷ்ரோடர் 506 வாக்குகளும் பெற்றனர். (இவர் பிற்காலத்தில் பிரதமரான அதே பெயருடையவர் அல்லர்.) வேறுபாடு 6 வாக்குகளே!

நாட்டை நேசிக்கிறீர்களா என்று கேட்டவர்களிடம், நான் நேசிப்பது என் மனைவியை என்று அவர் விடை சொன்னது புகழ்பெற்ற செய்தி. நாடு வணங்கத்தக்க தெய்வமன்று, மக்கள் தம் தேவைக்கு அமைத்துக்கொண்ட ஏற்பாடு என்பதே அதன் உட்பொருள். வணங்கியதால் வந்த கேட்டைக் கண்ணாரக் கண்டவர் அவர். பதவியேற்பு உரையில், வீரத்தைச் சோதிக்கும் களம் போரன்று, அமைதியே என்று அறிவித்தார். புத்தாண்டு வரவேற்புக்கு எளிய குடிமக்களையும் அழைத்தார். மக்கள் அவரைக் 'குடிமக்களின் தலைவர்' என்றே வழங்கினர்.

1969 நவம்பரில் நெதர்லாந்துக்குச் சென்றார். ஜெர்மானியப் படை ஐந்தாண்டுகள் அடிமைப்படுத்திய நாடு அது. ஆம்ஸ்டர்டாமில் யூதர்களை வதை முகாம்களுக்கு அனுப்புமுன் அடைத்து வைத்திருந்த நாடக அரங்கிற்குச் சென்று அஞ்சலி செலுத்தினார். பிறகு டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளுக்கும் சென்றார்.

வரலாற்று மாணவர்கள் அவரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. மன்னர்களின் வெற்றிகளையே வரலாறாகப் படித்த பிள்ளைகள், தோற்றுப்போன உரிமைப் போராளிகளையும் அறியவேண்டும் என்று அவர் விரும்பினார். 1973-இல் பள்ளி மாணவர்களுக்கான வரலாற்று ஆய்வுப் போட்டியைத் தொடங்கிவைத்தார். முதற்போட்டியின் பொருள் 1848-49 புரட்சி. 1974 ஜூனில் ராஸ்டாட் கோட்டை நகரில் ஜெர்மானிய விடுதலை இயக்கங்களுக்கு ஒரு நினைவகம் திறந்துவைத்தார். அப்புரட்சியின் கடைசி வீரர்கள் அங்கேதான் 1849 ஜூலை 23 அன்று சரணடைந்தனர். அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில் பிறந்தவரே ஹைனமன் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இரண்டாம் முறை போட்டியிட அவர் இசையவில்லை. முதுமையைக் காரணம் காட்டி 1974-இல் விடைபெற்றார். 1976 ஜூலை 7 அன்று எஸன் நகரில் காலமானார். அவர் எதிர்த்த படை 1955-இல் அமைந்தது. அவர் விரும்பிய நாட்டு இணைப்பு, அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1990-இல், அவர் நினைத்த வழியில் அன்றி வேறு வழியில் வந்தது. எனவே, அவர் கணிப்புகள் எல்லாம் பலித்தன என்று நாம் சொல்வதற்கில்லை.

ஆயினும், தலைவர் முடிவெடுத்தால் அமைச்சர் வாய்மூடி இருக்கவேண்டும் என்ற பழைய பழக்கத்தை 1950-இல் அவர் உடைத்தார். 19 ஆண்டுகளுக்குப்பின் அதே நாடு அவரைத் தன் முதற்குடிமகனாக ஏற்றுக்கொண்டது. பணிவதே கடமை என்று நம்பிய மக்கள், மறுத்தவரை மதிக்கக் கற்றுக்கொண்டனர். ஜெர்மனி குடியாட்சியை எவ்வாறு கற்றது என்ற என் கேள்விக்கு இதையே விடையாகக் கொள்கிறேன்.