நம் மாவட்டமும் அதன் ஆட்சி அமைப்பும்



சென்ற ஐப்பசியில் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கே ஓர் உறுப்பினரின் தறிக்குழியில் தெருச் சாக்கடை நீர் புகுந்து, பாவு முழுவதும் கெட்டிருந்தது. சாக்கடை அடைப்பை நீக்கக் கோரி, மழைக்கு முன்னரே அவர் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார். அம்மனு உரிய இடம் சேருமுன் மழை வந்துவிட்டது. சாக்கடை அவ்வூர் ஊராட்சியின் பொறுப்பு என்பதை அவர் அறிந்திலர். பலருக்கும் இவ்வறியாமை உண்டாதலின், இப்பாடத்தை எழுதுகின்றேன்.

திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்திலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை இராச்சியத்தோடு இணைந்து, கன்னியாகுமரி மாவட்டமாயின. இவற்றுள் முதலிரண்டுமே நாஞ்சில் நாடு. பின்னர்க் கிள்ளியூர், திருவட்டாறு என்பனவும் தனித் தாலுகாக்களாயின. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே கடல், இடையே பேச்சிப்பாறை நீர் பாயும் வயல்கள். முனையிலே கோயில் கொண்ட குமரி அம்மனால் மாவட்டம் பெயர் பெற்றது. நாகராஜர் கோயிலால் தலைநகர் நாகர்கோவில் எனப் பெயர் பெற்றது.

எனினும் பெயரை மட்டும் நம்பி அலுவலகத்தைத் தேடலாகாது. கல்குளம் தாலுகாவின் அலுவலகம் தக்கலையிலும், விளவங்கோட்டின் அலுவலகம் குழித்துறையிலும், தோவாளையின் அலுவலகம் பூதப்பாண்டியிலும் உள்ளன. மேலும், தோவாளை என்னும் ஒரே பெயர் ஓர் ஊருக்கும், தாலுகாவுக்கும், ஊராட்சி ஒன்றியத்துக்கும் உண்டு. மூன்றும் வெவ்வேறு.

எப்பணிக்கு எவரை அணுகுவது? பட்டா, நிலவரி, வருமானச் சான்று ஆகியவற்றுக்குத் தாலுகா அலுவலகம். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, வீட்டு வரி ஆகியவற்றுக்கு ஊராட்சி. ஊர்களை இணைக்கும் ஒன்றியச் சாலைகளுக்கு ஊராட்சி ஒன்றியம். நம் மாவட்டத்தில் இவை ஒன்பது. பேரூராட்சியிலோ நகராட்சியிலோ வாழ்வோர் தத்தம் மன்ற அலுவலகத்தையே நாடவேண்டும்.

ஊராட்சியில் வாழ்வோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி, ஊரின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினரே. சங்கப் பேரவையில் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இருப்பது போலவே, கிராம சபையிலும் ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவை அச்சபை கூடும் நாட்களுட் சில.

சாக்கடை அடைப்பை ஆகஸ்டுக் கூட்டத்திலேயே எடுத்துரைத்தால், ஐப்பசி மழைக்கு முன் பாவைக் காக்க வழி பிறக்கும். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் தவறாது செல்வீர்களாக.