கள்வர் எச்சரிப்புச் சுற்று: பராமரிப்பும் பழுது காணலும்



"வீடொன்றில் பொருத்தப்பட்டுள்ள கள்வர் எச்சரிப்பு மணி, எவரும் உட்புகாத நிலையிலும் இரவில் ஒலிக்கின்றது. இதற்கான காரணங்கள் இரண்டு தருக." இவ்வினாவைப் புசல்லாவையில் எமது வகுப்பில் கொடுத்தபோது பெரும்பாலானோர் எழுதிய விடை "மணி பழுதடைந்துள்ளமை" என்பதாகும். இதற்குப் புள்ளி கிடைக்காது. மணி ஒலிக்கின்றதே! ஒலிக்கும் மணி பழுதடைந்த மணியன்று. பழுது வேறெங்கோ உள்ளது. அதனைத் தேடிக் கண்டறியும் முறையை இங்கு நோக்குவோம்.

நான் கலைப்பட்டதாரி. பல்கலைக்கழகத்தில் படித்தது வரலாறும் தமிழும். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது பெரியப்பாவின் கடை. கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பிரதான வீதியோரம், புசல்லாவை நகரில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. முன்கதவு, பின்கதவு, பக்க யன்னல் ஆகியவற்றில் ஒவ்வொரு காந்த ஆளி, ஒரு சைரன், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஐப்பசி மழை தொடங்கியதும் வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் சைரன் அலறியது. முதல் வாரம் அயலவர்கள் ரோச் லைற்றுடன் ஓடி வந்தார்கள். இரண்டாம் வாரம் யன்னலைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாம் வாரம் எவரும் பார்க்கவில்லை. விடிந்ததும் ஏச்சு மட்டும் வந்தது. பொருத்தியவரைக் கூப்பிட்டால் "பெட்டியையே மாற்ற வேண்டும்" என்றார். பொறுமையிழந்த பெரியப்பா ஒரு துண்டு வயரை எடுத்து, பின்கதவு ஆளியின் இரு முனைகளையும் முறுக்கி இணைத்துவிட்டார். சைரன் அடங்கியது. பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. பத்து நாளில் கள்ளன் பின்கதவால் வந்தான். லாச்சிப் பணமும் சிகரட் பெட்டிகளும் ரீலோட் அட்டைகளும் போயின. காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோதும் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த விளக்கு பொய் சொல்லவில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பச்சை விளக்கு கூறுவது "சுற்று மூடியுள்ளது" என்பதை மாத்திரமே. "கதவு மூடியுள்ளது" என்று அது ஒருபோதும் கூறுவதில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சுற்று தொழிற்படும் விதம்

காந்த ஆளி இரு பகுதிகளைக் கொண்டது. கதவில் ஒரு நிலைக்காந்தம். கதவு நிலையில் ஒரு சிறிய கண்ணாடிக் குழாய். குழாயினுள் காந்தத்தால் கவரப்படக்கூடிய இரு மெல்லிய உலோக நாக்குகள் உள்ளன. கதவு மூடியிருக்கையில் காந்தம் அருகில் இருப்பதால் நாக்குகள் ஒன்றையொன்று தொடுகின்றன, மின்னோட்டம் பாய்கின்றது. கதவு திறந்ததும் காந்தம் விலக, நாக்குகள் பிரிந்து சுற்று துண்டிக்கப்படுகின்றது. கட்டுப்பாட்டு அலகு (கடைகளில் இதனைப் "பெனல்" என்பர்) இத்துண்டிப்பை உணர்ந்து சைரனை இயக்கும். கள்ளன் உடனே கதவை மூடினாலும் சைரன் நிற்காதவாறு சுற்று அமைக்கப்பட்டிருக்கும்.

ஆரம்பத்தில் இது மறுதலையாக இருந்தது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒகஸ்ரஸ் ரசல் போப் என்பவர் 1853 இல் மின்காந்தக் கள்வர் மணிக்குக் காப்புரிமை பெற்றார். 1857 இல் எட்வின் ஹோம்ஸ் அவ்வுரிமையை வாங்கி அதனை ஒரு வியாபாரமாக வளர்த்தார். போப்பின் சுற்றில் கதவு திறக்கும்போதே சுற்று மூடி மணி அடிக்கும். இவ்வாறான திறந்த சுற்றில் ஒரு பெரும் குறையுண்டு. எலி வயரைக் கடித்துத் துண்டித்தாலும் எவருக்கும் தெரியாது. மணி அமைதியாக இருக்கும், நாமும் எல்லாம் சரியென்று நித்திரை கொள்வோம். மூடிய சுற்றிலோ வயர் அறுந்தால் அக்கணமே மணி ஒலிக்கும். அதாவது தன் பழுதைத் தானே அறிவிக்கும். "மூடிய சுற்றின் அனுகூலம் யாது?" என்று வினவப்பட்டால் எழுத வேண்டிய விடை இதுவே.

எனினும் மூடிய சுற்றையும் ஏமாற்றலாம். 2003 பெப்ரவரி 15, 16 ஆகிய வார இறுதி நாட்களில் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகர வைர மையத்தில் நிலத்தடிப் பெட்டக அறை கொள்ளையிடப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டகங்கள் உடைக்கப்பட்டன; மணி ஒலிக்கவேயில்லை. கதவிலிருந்த காந்தத்தையும் நிலையிலிருந்த அதன் துணையையும் பிரிக்காமல் சேர்த்தே கழற்றி ஒதுக்கியிருந்தார்கள். கதவு திறந்தது, சுற்றோ மூடியபடியே இருந்தது. பெரியப்பாவின் வயர்த் துண்டு செய்ததும் இதையேதான். வித்தியாசம், அதை அவர் தன் கடைக்குத் தானே செய்துகொண்டார்.

பழுதைத் தேடல்

பெரியப்பாவின் கடையில் உண்மையான பழுது என்ன? மழைக்காலத்தில் பலகைக் கதவு ஈரத்தை உறிஞ்சி ஊதியிருந்தது. அதனால் கதவு நிலையோடு முழுமையாகப் பொருந்தவில்லை. காந்தத்துக்கும் ஆளிக்கும் இடைத்தூரம் கூடிவிட்டது. சாதாரண காந்த ஆளியொன்று ஏறத்தாழ 1.5 செ.மீ. இடைவெளி வரையே நம்பகமாகத் தொழிற்படும். அந்த எல்லையில் நின்ற கதவைக் காற்று சற்று அசைத்தாலே போதும். கதவின் விளிம்பைச் சீவி, காந்தத்தின் கீழ் ஒரு பலகைத் துண்டை வைத்துத் திருகாணியை இறுக்கியதும் பழுது தீர்ந்தது. பெட்டியை மாற்றியிருந்தால் காசும் போயிருக்கும், சைரனும் அலறியிருக்கும்.

எமது பிரதேசத்தில் இரண்டாவது எதிரி, வயர் இணைப்புகளில் படியும் பச்சைக் களிம்பு. மூடுபனியும் ஈரலிப்பும் உள்ள இடத்தில், முறுக்கி மட்டும் விடப்பட்ட செப்பு வயர் விரைவில் கறுத்துப் பச்சையாகும். அங்கு தடை அதிகரிக்கும். பகலில் சரியாகவும் இரவில் பிழையாகவும் இருக்கும் பழுதுகளிற் பல இவ்வகையின. ஆகவே இணைப்புகளைச் சுரண்டித் துப்புரவாக்கி, ஈயப்பற்று வைத்து, காவலிட்டு மூட வேண்டும்.

இனிச் சோதனை முறை. ஒரு வீட்டில் எட்டுக் காந்த ஆளிகள் தொடராக உள்ளன எனக் கொள்வோம். முதலில் பெனலுக்குரிய பிரதான மின்னையும் பற்றரியையும் துண்டிக்க. சுற்றின் இரு வயர்களையும் பெனலிலிருந்து கழற்றி, பல்மானியைத் தடை அளக்கும் நிலையில் வைத்து இணைக்க. கதவுகள் யாவும் மூடியிருப்பின் சில ஓம்களே காட்ட வேண்டும். மலிவான இலக்கப் பல்மானியில் இடப்பக்கம் "1" மட்டும் தோன்றினால் அது ஓர் ஓம் அன்று. அளவிட முடியாத பெரிய தடை, அதாவது எங்கோ துண்டிப்பு. இந்த "1" ஐக் கண்டு ஏமாறியோர் வருடந்தோறும் உளர்.

துண்டிப்பைக் காண எட்டு ஆளிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதில்லை. நான்காவது ஆளியை அடுத்துள்ள இணைப்புப் பெட்டியில், செல்லும் வயரையும் திரும்பும் வயரையும் ஒரு துண்டு வயரால் தற்காலிகமாக இணைக்க. இப்போது பல்மானி சில ஓம்களைக் காட்டினால் முதல் நான்கும் நல்லவை, பழுது பின்பாதியில். அப்பாதியை மீண்டும் இரண்டாகப் பிரிக்க. எட்டு நான்காகி, நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும். மூன்றே சோதனைகள். இணைத்த துண்டு வயரை எடுக்க மறந்தால் மீண்டும் பெரியப்பாவின் கதைதான்.

சில பெனல்களில் சுற்றின் தூர அந்தத்தில் ஒரு தடையி இணைக்கப்படும். உதாரணமாக, பெனலினுள் 5.6 கிலோ ஓம், தூர அந்தத்தில் 5.6 கிலோ ஓம், வழங்கல் 12 வோல்ற்று எனின், நல்ல நிலையில் பெனலின் முனைகளில் 6 வோல்ற்று இருக்கும். வயர் அறுந்தால் அல்லது கதவு திறந்தால் 12 வோல்ற்று. காவலி உரிந்து இரு வயர்களும் தொட்டுக்கொண்டால் 0. இவ்வாறு துண்டிப்பையும் குறுஞ்சுற்றையும் பெனலால் பிரித்தறிய முடியும். ஆனால் ஓர் ஆளியின் இரு முனைகளை மட்டும் எவராவது இணைத்திருந்தால் அப்போதும் 6 வோல்ற்றே இருக்கும்! அதனைக் காண ஒரே வழி, மாதம் ஒரு முறை ஒவ்வொரு கதவையும் யன்னலையும் உண்மையாகவே திறந்து சைரன் ஒலிக்கின்றதா எனப் பார்ப்பதாகும். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்க.

அசைவு உணரி

அறையின் மூலையில் பொருத்தப்படும் வெள்ளைப் பெட்டி எதையும் வெளிவிடுவதில்லை. எமது உடல் வெளிவிடும் செங்கீழ்க் கதிர்களில் ஏற்படும் மாற்றத்தை மட்டும் உணர்கின்றது. முன்னாலுள்ள பிளாத்திக்கு வில்லையில் பல்லி நடந்தாலும் சிலந்தி வலை பின்னினாலும் பொய்யாக ஒலிக்கலாம். விறகடுப்பை நோக்கியோ, வெயில் நேரே விழும் யன்னலை நோக்கியோ இதனைப் பொருத்தலாகாது.

இதற்கு எதிரான பழுது ஆபத்து மிக்கது. அன்ற்வேர்ப் கொள்ளையில் இவ்வகை உணரியின் மீது தலைமுடிக்கு அடிக்கும் தெளிதிரவம் பூசப்பட்டிருந்தது. அம்மெல்லிய படலம் உணரியைக் குருடாக்கியது. எமது வீடுகளில் அடுப்புப் புகையும் தூசும் அதே வேலையைக் காசின்றிச் செய்கின்றன. ஈரமான மென்துணியால் வில்லையைத் துடைத்து, அறையில் நடந்து பார்த்துச் சோதிக்க.

பற்றரி

பெனலினுள் பொதுவாக 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி இருக்கும். பெனலும் உணரிகளும் 0.1 அம்பியர் எடுப்பின் 7 ÷ 0.1 = 70 மணித்தியாலம் எனக் கணிக்கலாம். 2022 மார்ச் 31 இல் அறிவிக்கப்பட்ட 13 மணித்தியால மின்வெட்டுக்குத் தேவையானது 1.3 அம்பியர் மணி மட்டுமே. புதிய பற்றரிக்கு இது பொருட்டன்று. நான்கைந்து வருடப் பற்றரியில் ஐந்திலொரு பங்கு கொள்ளளவே எஞ்சியிருந்தால், 1.4 அம்பியர் மணிதான் உண்டு. அந்த மின்வெட்டுக்கு அது மட்டுமட்டாகவே போதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரம் நாட்கணக்கில் இருக்கவில்லை. அவ்வாறான வேளையில் 70 மணித்தியாலமும் போதாது. 10.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவிடப்பட்ட பற்றரி பெரும்பாலும் பழைய நிலைக்கு மீள்வதுமில்லை.

சுமையின்றி அளந்து 12.5 வோல்ற்று கண்டதும் "பற்றரி நல்லது" என எழுதிவிடாதீர். பிரதான மின்னைத் துண்டித்து, சைரனை ஒலிக்கவிட்டு அளக்க. அப்போது 9 வோல்ற்றுக்கு வீழ்ந்தால் பற்றரியின் அகத்தடை கூடிவிட்டது, மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பெனலினுள் நிலைமாற்றிக்கு வரும் வழங்கல் 230 வோல்ற்று ஆகும். மூடியைத் திறக்குமுன் பிரதான ஆளியை நிறுத்துக. இடிமின்னல் வேளையில் கைவைக்கவே வேண்டாம். உருகி எரிந்திருந்தால் அதே பெறுமானமுள்ள உருகியையே இடுக. சிகரட் பெட்டித் தகட்டைச் சுற்றிப் போடும் வழக்கம் தீ விபத்துக்கு இட்டுச் செல்லும்.

பயிற்சி

மேற்கூறிய 5.6 கிலோ ஓம் தடையிகளைக் கொண்ட சுற்றில், கதவுகள் யாவும் மூடியிருக்கையில் பெனலின் முனைகளில் 9 வோல்ற்று காணப்பட்டது.
(அ) வயர் முற்றாக அறுந்துள்ளது எனக் கூற முடியாதது ஏன்?
(ஆ) சுற்றில் மேலதிகமாகச் சேர்ந்துள்ள தடையைக் கணிக்க. (விடை: 11.2 கிலோ ஓம்)
(இ) புசல்லாவை போன்ற ஈரலிப்பான இடமொன்றில் இம்மேலதிகத் தடை எங்கு தோன்றியிருக்கலாம்? அதனைத் தேடும் ஒழுங்கைப் படிமுறையாக எழுதுக.