முழங்கை முறிவு: கட்டின் இறுக்கமும் விரலின் சூடும்

கொய்யா மரத்திலிருந்தோ, பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்திலிருந்தோ பிள்ளை கையை ஊன்றி விழுகிறது. முழங்கை வீங்குகிறது. உடனே வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பிசகியிருக்கும், உருவி விட்டா சரியாயிடும்." பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதை அந்த ஒரு பேச்சு முடிவு செய்துவிடுகிறது.

கிள்ளை, பரங்கிப்பேட்டை, புவனகிரி, காட்டுமன்னார்கோயில் என்று சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்களுக்கெல்லாம் அண்ணாமலை நகர் எட்டாத தொலைவில் இல்லை. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் பெரிய மருத்துவமனை அங்கே இருக்கிறது. ஆனாலும் பல வீடுகளில் எண்ணெய்க் கிண்ணமும் மூங்கில் தப்பையும் முந்திக்கொள்கின்றன. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாகி, முன்னும் பின்னும் உள்ள இரு குழிகளுக்கு நடுவே மெல்லிய தகடாகிவிடுகிறது. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளை கையை நீட்டி ஊன்றி விழும்போது உடைவது பெரும்பாலும் இந்த இடம்தான். எலும்புக்கு ஒட்டினாற்போல் முன்பக்கத்தில், விரல் வரை ரத்தம் கொண்டுபோகும் தமனியும் நரம்பும் ஓடுகின்றன. உடைந்த எலும்பின் கூர்முனை விலகினால் முட்டுவது அவற்றின் மேல்தான். இந்த முறிவில் எலும்பைவிட ரத்த ஓட்டத்துக்கே டாக்டர்கள் அதிகம் பயப்படுவது இதனால்தான்.

நம்பிக்கை: விரலை அசைக்கிறான், அதனால் எலும்பு முறியவில்லை.

உண்மை: விரலை மடக்கி நிமிர்த்தும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. மேற்கை எலும்பு இரண்டாக உடைந்திருந்தாலும் விரல் அசையும். டாக்டர் பார்ப்பது இன்னும் நுட்பமானது. கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் தொட்டு, தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரைபோல் வட்டம் போடச் சொல்வார். வட்டம் உருண்டையாக வராமல் தட்டையாகிப்போனால், முறிவோடு ஒரு நரம்பும் அடிபட்டிருக்கிறது என்று பொருள். அடிபட்ட நரம்புகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் தாமாகவே மீண்டுவிடும். ஆனால் சிகிச்சைக்காகக் கையைத் தொடுவதற்கு முன்பே, நரம்பு அடிபட்டிருப்பது பதிவாகியிருக்க வேண்டும்.

நம்பிக்கை: சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவினால் இறங்கிவிடும்.

உண்மை: உருவும் கை, உடைந்த முனையைத் தமனிக்குள்ளேயே தள்ளிவிடலாம். வீக்கம் கூடும். தசைக்குள் கசிந்த ரத்தம் பின்னாளில் எலும்பாகக் கெட்டிப்பட்டு மூட்டைப் பூட்டிவிடவும் வாய்ப்புண்டு. எக்ஸ்ரே எடுக்காமல் சுளுக்கா முறிவா என்று சொல்லவே முடியாது. சின்னப் பிள்ளைகளின் முழங்கையில் பாதி இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால், எக்ஸ்ரேயிலேயே சில முறிவுகள் தெளிவாகத் தெரிவதில்லை. வெறும் விரல் தடவலில் எப்படித் தெரியும்?

நம்பிக்கை: கட்டு எவ்வளவு இறுக்கமோ, எலும்பு அவ்வளவு சீக்கிரம் சேரும்.

உண்மை: இத்தனை நம்பிக்கைகளிலும் கையைப் பறிப்பது இதுதான். எலும்பு சேர அசையாமை வேண்டும், இறுக்கம் வேண்டியதில்லை. முறிந்த முதல் இரண்டு நாள் வீக்கம் ஏறிக்கொண்டே போகும். கட்டு விரியாது. நடுவில் நசுங்குவது தசை. ரத்தம் போகாத தசை சுமார் ஆறு மணி நேரத்துக்குள் மீள முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும். பிறகு அது நாராகச் சுருங்கி, மணிக்கட்டு மடங்கி, விரல்கள் கொக்கிபோல் வளைந்து நின்றுவிடும். எழுத வேண்டிய கை, சோற்றைப் பிசைய வேண்டிய கை, வாழ்நாள் முழுக்க அப்படியே நிற்கும்.

ஜெர்மனியில் ஹாலே நகரத்து அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-இலேயே இதை எழுதிவைத்தார். இறுகக் கட்டிய கட்டுகளுக்குப் பிறகு வரும் இந்த முடக்கத்துக்குக் காரணம் தசைக்கு ரத்தம் கிடைக்காமல் போனதுதான் என்று அவர் காட்டினார். இன்றும் அந்த முடக்கத்துக்கு அவர் பெயர்தான். எழுதி 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒரு பிள்ளைக்கு அது வருமானால், தவறு பிள்ளையுடையது இல்லை.

மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டுக்கும் இதே விதிதான். கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். மாறாக ஏறிக்கொண்டே போனால், பிள்ளை எதற்கும் அடங்காமல் அழுதால், விரலை நிமிர்த்தினாலே அலறினால், விரல்கள் சில்லிட்டு வெளுத்தாலோ மரத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். "நாளைக்கு வரச் சொன்னாங்க" என்பது அந்த நேரத்தில் பொருந்தாது.

நம்பிக்கை: புத்தூர் கட்டு போட்டவர்களுக்கெல்லாம் சேர்ந்திருக்கிறதே!

உண்மை: சேர்ந்திருக்கும். விலகாத முறிவு, அசையாமல் வைத்தால், யார் கட்டினாலும் சேரும். எலும்பு தன்னைத்தானே ஒட்டவைத்துக்கொள்வது இயற்கை. ஆந்திரப் புத்தூரின் பெயரில் ஊர் ஊராகத் தொங்கும் கட்டு வைத்தியப் பலகைகளுக்கு நற்பெயர் தந்ததில் அந்த இயற்கைக்கும் பங்குண்டு. ஆனால் முழங்கைக்கு மேல் முழுதாக விலகிய முறிவு வேறு. எலும்பை மட்டும் பார்த்துக் கட்டுகிறவருக்குத் தமனி கண்ணில் படாது.

நம்பிக்கை: சின்ன வயசு எலும்பு, கோணலாகச் சேர்ந்தாலும் வளர வளர நேராகும்.

உண்மை: முன்கையின் மணிக்கட்டுப் பக்கத்தில் இது ஓரளவு உண்மை. முழங்கையில் இல்லை. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோள் பக்கத்திலிருந்தே வருகிறது. முழங்கைப் பக்கத்துக்குக் கிடைப்பது 20 விழுக்காடுதான். உள்பக்கம் சாய்ந்து சேர்ந்த கோணல் அப்படியே நிலைத்துவிடும். பிறகு எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும்.

நம்பிக்கை: கம்பி வைத்தால் கை வளராது, கம்பி உள்ளேயே கிடக்கும்.

உண்மை: விலகிய முறிவுக்கு மயக்கம் கொடுத்து, எலும்பை இழுத்துப் பொருத்தி, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் தோலைக் கிழிப்பதே இல்லை. கம்பியின் முனை வெளியே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் புறநோயாளிப் பிரிவிலேயே உருவி எடுத்துவிடலாம். மெல்லிய வழவழப்பான கம்பி வளர்ச்சியைத் தடுப்பது மிக அரிது.

நம்பிக்கை: கட்டுப் பிரித்ததும் மூட்டை இழுத்து மடக்கிப் பழக்க வேண்டும்.

உண்மை: வேண்டாம். பிறர் வலிக்க வலிக்க மடக்கினால் மூட்டு இன்னும் இறுகும். பிள்ளை தானே சாப்பிடட்டும், சட்டை போடட்டும், விளையாடட்டும். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அசைவு திரும்பிவிடும். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் நல்ல உணவு, கொடுங்கள். விலகிய எலும்பை அவை பொருத்தாது.

நம்பிக்கை: பெரியவர்களுக்கும் கட்டிப் போட்டால் போதும்.

உண்மை: எலும்பு தேய்ந்த வயதில் விழுந்தால் முறிவு மூட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். நீண்ட நாள் கட்டினால் முழங்கை விறைத்துவிடும். அதனால் தகடு வைத்துச் சீக்கிரம் அசைக்கத் தொடங்குவதே பலருக்கும் நல்லது.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணிக்கட்டுக் கயிறு, காப்பு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள், அல்லது வெட்டுங்கள். சாமி கயிறாக இருந்தாலும் வெட்டுங்கள். கை எப்படி இருக்கிறதோ அப்படியே அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் தளர்வாகத் தாங்குங்கள். முழங்கையை மடக்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள். மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் இட்லி, பால், பிஸ்கட் எதுவும் கொடுக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இனி ஒரு பிள்ளை விழுந்தால், "பிசகியிருக்கும்" என்று யாரும் சொல்வதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்: "விரல் சூடா இருக்கா, தொட்டுப் பாரு. வண்டியை எடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."