இருவரில் சிறிய கை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

மாமா எழுதுகிறேன். உங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ராத்திரியில் கதவை உடைத்துப் புகுந்ததைப் படித்ததிலிருந்து எனக்கும் மனது சரியில்லை. மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் வெளியூரில். நீ தனியாக, அதுவும் புது வீட்டில். பயம் வராமல் எப்படி இருக்கும்? அவர் பன்னிரண்டு கேஜ் ஷாட்கன் ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருக்கிறார், எங்கள் இருவருக்கும் எது சரிப்படும் என்று கேட்டிருக்கிறாய். வாங்கலாமா என்று நீ கேட்கவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

நம் ஊரில் துப்பாக்கி வேண்டுமென்றால் 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். எதற்கு, யாரால் ஆபத்து என்று அதிகாரி கேட்பார், போலீஸ் விசாரிக்கும். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நாம் இருக்கும் டெக்சாஸில் அப்படி இல்லை. 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் இருக்கிறது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பும் சொல்லிவிட்டது. கடையில் ஒரு படிவம் நிரப்பினால், பின்னணிச் சரிபார்ப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், கையில் கொடுத்துவிடுவார்கள். உனக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதனால் நீங்கள் இருவருமே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது திருடனைப் பற்றி அல்ல. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கு மேல். அதில் ஏறக்குறைய 27,000 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் கோடிக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம், வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களில் அது முப்பத்தைந்து மடங்கு. வேறு வழிகளில் உயிரை விடத் துணிபவர்களில் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள், மறுநாள் வருந்தவும் செய்கிறார்கள். துப்பாக்கி அந்த மறுநாளைப் பெரும்பாலும் தருவதில்லை. ஆகவே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்: நம்மில் யாருக்காவது மனச்சோர்வு வந்ததுண்டா? குடித்தால் நிதானம் தவறுமா? கோபத்தில் கை ஓங்கியதுண்டா? ஒன்றுக்காவது ஆமென்றால் அந்த வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம். பிள்ளை பெற்ற பிறகு வரும் சோர்வையும் கணக்கில் எடு. அப்படியொரு காலம் வந்தால், இருக்கிற துப்பாக்கியைச் சிறிது காலம் வெளியே வைக்க வழி தேடுங்கள். 988 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் பேச ஆள் உண்டு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, நீயும் கூச்சப்படாதே.

அடுத்தது விசா. உங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டதால் சட்டம் தடுக்காது. ஆனால் எச்-1பி, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள், ஒரு சில விதிவிலக்கு தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கணவருக்குக் கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-4 என்று இருக்கும் வீடுகளில் இதை யோசிக்காமலே வாங்கிவிடுகிறார்கள். அங்கே வக்கீலைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது. உன்னிடம் இதைச் சொல்வதற்குக் காரணம், அடுத்த கோடையில் அக்காவும் அத்தானும் பி-2 விசாவில் வருகிறார்கள். அவர்களுக்கும் இந்தத் தடை உண்டு. அவர்கள் இருக்கும் ஆறு மாதமும் துப்பாக்கி பூட்டில் இருக்க வேண்டும், பூட்டின் எண் அவர்களுக்குத் தெரியக்கூடாது.

கதவுக்கு வருகிறேன். இங்கே வீட்டுக் கதவை உதைத்தால் பெரும்பாலும் பெயர்வது பூட்டு இல்லை, கதவின் மரச்சட்டம். தாழ்ப்பாள் நாக்கு நுழையும் தகட்டைச் சின்னத் திருகாணியால் மெல்லிய மரத்தில் அடித்திருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டுக் கனமான தகடு போட்டு, சுவருக்குள் இருக்கும் மரக்கட்டை வரை போகும் மூன்று அங்குலத் திருகாணியால் முடுக்கச் சொல். ஆகும் செலவு மிகக் குறைவு, கிடைக்கும் நேரம் பெரிது. பின்வாசலில் ஆள் வந்தால் எரியும் விளக்கும் போடு. நகையை வங்கி லாக்கரில் வை. இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இங்குள்ள திருடர்களுக்கும் தெரியும். ஆசியர், இந்தியர் வீடுகளாகப் பார்த்துப் பல மாநிலங்களில் புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு 2019-இல் மத்திய நீதிமன்றம் 37 ஆண்டு சிறை கொடுத்தது. அவள் ஹூஸ்டன்காரி. வீட்டில் நகை இல்லை என்பது நான்கு பேருக்குத் தெரிவதும் ஒரு காவல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தால், தேர்வுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் இருவரில் யார் கை சிறியதோ, யாருக்குப் பலமும் பழக்கமும் குறைவோ, அவருக்குப் பொருந்துவதை வாங்குங்கள். பெரிய கைக்காரர் சின்னதற்குப் பழகிக்கொள்ள முடியும். சின்னக் கைக்காரர் பெரியதற்குப் பழக முடியாது. போதாததற்கு, தனியாக இருக்கப்போவது நீ. நான் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பார்க்கும் தம்பதிகளில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கணவர் தன் தோளுக்குப் பார்த்து வாங்குகிறார், மனைவி ஒரு முறை சுட்டுவிட்டு இனி தொடமாட்டேன் என்கிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் இல்லாத ராத்திரிகளில் அது வெறும் ஆபத்துதான், காவல் இல்லை.

மாப்பிள்ளை பார்த்த ஷாட்கன் கெட்ட ஆயுதமில்லை. மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 இரண்டும் பல தலைமுறையாக உழைப்பவை, விலையும் அதிகமில்லை. ஆனால் வழக்கமான கட்டையின் நீளம் பதினான்கு அங்குலத்தை ஒட்டி இருக்கும். உன் கைக்கு அது நீளம். தோளில் சரியாக உட்காராது, உட்காராத ஷாட்கன் கன்றிப்போகும் அளவுக்கு உதைக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்கட்டையை முழுதாகப் பின்னே இழுத்து முழுதாக முன்னே தள்ள வேண்டும். பதற்றத்தில் புதியவர்கள் பாதி இழுப்பார்கள், தோட்டா சிக்கிக்கொள்ளும். ஷாட்கனுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று கடையில் சொன்னால் நம்பாதே. அறைக்குள் இருக்கும் தூரத்தில் ரவைகள் ஒரு கையளவுகூட விரியாது, குறி தப்பினால் தப்பியதுதான். ஷாட்கன்தான் வேண்டுமென்றால் குட்டைக் கட்டை போட்ட இருபது கேஜ் பாருங்கள்.

கடைக்காரர் உன்னைப் பார்த்ததும் நிச்சயம் எடுத்துக் காட்டப்போவது சின்ன ரிவால்வர். கைப்பைக்குள் அடங்கும், இளஞ்சிவப்புப் பிடிகூடப் போட்டிருப்பார்கள். அதை மட்டும் வாங்காதே. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். அந்தக் குட்டிக் குழலில் குறி பார்ப்பது பழகியவர்களுக்கே கடினம். சுத்தியலைக் கையால் இழுக்காமல் சுட்டால் ட்ரிகரை ஏறக்குறைய ஐந்து கிலோ விசையில் இழுக்க வேண்டும், அதற்குள் குறி ஆடிவிடும். பெண்களுக்கு ஏற்றது என்று விற்பதில் மிகக் கடினமானது இதுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ரிவால்வரின் எளிமை பிடித்திருந்தால் நான்கு அங்குலக் குழலுடன் கனமான முப்பத்தெட்டு ஸ்பெஷல் பார்.

உங்களுக்கு நான் சொல்வது நடுத்தர அளவில் 9 எம்.எம். பிஸ்டல். கிளாக் 19 போல. தோட்டா இல்லாமல் 670 கிராம் அளவு, மேகசினில் பதினைந்து தோட்டா. உதைப்பைத் தாங்கும் எடை உண்டு, இருவர் கையிலும் அடங்கும். ஒரு கையில் பிஸ்டல் இருந்தாலும் மறு கையால் கதவைப் பூட்டலாம், போனை எடுக்கலாம். நாளைக்குக் குழந்தையைத் தூக்க வேண்டியிருந்தாலும் கை இருக்கும். சில பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஸ்லைடை இழுப்பதுதான் சிரமம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதற்காகவே ஷீல்டு ஈஸி என்று ஒன்றை 2018-இல் கொண்டுவந்தது, பிறகு அது 9 எம்.எம்.-இலும் வந்தது. கடையில் எடுத்ததும் குழலைச் சுவர்ப்பக்கம் வைத்து ஸ்லைடைப் பத்து முறை இழுத்துப் பார். பத்தாவது தடவையும் எளிதாக வர வேண்டும். மேகசினை நிரப்பிப் பார். கையை நகர்த்தாமல் ட்ரிகருக்கு விரல் எட்டுகிறதா பார். கைத்துப்பாக்கி எவ்வளவு நல்லதானாலும் நீளத் துப்பாக்கியைப் போலத் தானாகக் குறியில் நிற்காது, பயிற்சி கேட்கும். பயிற்சிக்கு நேரம் கிடைக்காது என்றால் ரூகரின் 9 எம்.எம். கார்பைன் யோசிக்கலாம், தோளில் வைத்துச் சுடலாம், உதைப்பு மிகக் குறைவு. ஏஆர்-15-இன் கட்டையை ஆளுக்கு ஏற்ப நீட்டிக் குறைக்கலாம், தம்பதிக்கு அது வசதிதான். ஆனால் மூடிய அறைக்குள் அதன் சத்தம் காதைக் கெடுத்துவிடும், முதல் துப்பாக்கியாக நான் சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் சுவரை நம்பாதே. இங்கே அறைகளுக்கு நடுவில் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, இடையில் வெற்றிடம். ஓர் ஆளை நிறுத்தக்கூடிய எந்தத் தோட்டாவும் அதைத் தாண்டிப் போகும். உடலில் பட்டு விரியும் ஹாலோ பாயிண்ட் தோட்டா உள்ளேயே நிற்கும் வாய்ப்பு அதிகம். குறி தப்பினால் அதுவும் சுவரைத் துளைத்துப் போகும். எந்த அறையில் யார் படுக்கிறார்கள், எந்தப் பக்கம் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துத் தீர்மானியுங்கள்.

ராத்திரி சத்தம் கேட்டால் என்ன செய்வது? துப்பாக்கியுடன் வீட்டைச் சுற்றித் தேடக் கூடாது. இருவரும் படுக்கையறைக்குள் வந்து கதவைப் பூட்டி, 911-ஐ அழைத்து, போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று உரக்கச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போவது பொருள் என்றால் போகட்டும். ராத்திரித் திருட்டைத் தடுக்கச் சுடுவதைக்கூட டெக்சாஸ் சட்டம் சில நிலைமைகளில் அனுமதிக்கிறது. ஒரு டிவிக்காக ஓர் உயிரை எடுத்த நினைவோடு நீ வாழ வேண்டாம். அந்த அறைக்கதவையும் உடைத்துக்கொண்டு வருபவனுக்கு மட்டும்தான் துப்பாக்கி. போலீஸ் வந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்ட வேண்டும், அவர்களுக்கு வீட்டுக்காரர் யார் என்று தெரியாது.

அதற்கெல்லாம் முன்னால் தலையை எண்ணு. வீட்டில் இன்று யார் யார்? நம் வீடுகளில் இது மிக முக்கியம். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா முதல் பத்து நாள் நேர மாற்றத்தில் தூக்கம் வராமல் விடிகாலை மூன்று மணிக்கு அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுவார்கள். விளக்கு எங்கே என்று தெரியாமல் இருட்டில் தடவிக்கொண்டு நடப்பார்கள். விமானம் தாமதமாகி நள்ளிரவில் கதவைத் தட்டும் நண்பன் உண்டு, சொல்லாமல் ஒரு நாள் முன்னால் திரும்பி வரும் கணவனும் உண்டு. 1992-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போன இடத்தில் வீடு மாறிப்போய் மணி அடித்தான். வீட்டுக்காரர் சுட்டார், பையன் இறந்தான். நடுவர் குழு வீட்டுக்காரரைக் குற்றவாளி இல்லை என்றது. பையன் திரும்பி வரவில்லை. எனவே கட்டிலருகே நல்ல டார்ச் ஒன்று தனியாக இருக்கட்டும். யாரென்று கேள், பெயர் சொல்லிக் கூப்பிடு, முகத்தைப் பார்க்காமல் ட்ரிகரில் விரல் வைக்காதே. அடுக்களைக்கும் நடைக்கும் இரவு விளக்கு போட்டுவிடு. மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைவதற்கு முன் எந்நேரமானாலும் போன் செய்யட்டும்.

பூட்டு பற்றிச் சுருக்கமாக. எண் அழுத்தினால் உடனே திறக்கும் எஃகுப் பெட்டி, கட்டிலருகே தரையிலோ மரத்திலோ முடுக்கியது. எண் உங்கள் இருவருக்கும் மட்டும். பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்து, அது பிள்ளை கையில் சிக்கினால் டெக்சாஸில் குற்றம். எங்களுக்குத்தான் குழந்தை இல்லையே என்று எழுதிவிடாதே. நீ கொலு வைக்கிறாய், சனிக்கிழமை பத்துக் குடும்பம் சாப்பிட வருகிறது. அந்தப் பிள்ளைகள் ஓடாத அறை உண்டா? அலமாரி மேல் ஒளித்து வைப்பதைப் பூட்டு என்று சொல்லாதே. பிள்ளைகளுக்கு நம் ஒளிவிடம் அத்தனையும் தெரியும்.

எல்லாப் பயிற்சிக்கும் அடியில் இருப்பவை ஜெஃப் கூப்பர் என்ற பழைய மரைன் வீரர் வகுத்த நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை. அழியக் கூடாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி நிலைக்கும் வரை விரலை ட்ரிகருக்கு வெளியே வை. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்பதை அறிந்துகொள். இதில் இரண்டு ஒரே நேரத்தில் மீறப்பட்டால்தான் பெரும்பாலும் ஆள் சாகிறார்.

முன்பணம் எதுவும் கட்டுவதற்கு முன் இருவரும் டாலஸுக்கு வாருங்கள். நான் போகும் ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும், நான்கைந்து வகை சுட்டுப் பார்க்கலாம். பாயிண்ட் 22-இல் தொடங்கி மெதுவாக மேலே போவோம். உனக்குக் கற்றுத் தருவது நான் அல்ல, மாப்பிள்ளையும் அல்ல, அங்கே ஒரு பெண் பயிற்சியாளர் இருக்கிறார். கணவன் கற்றுக்கொடுத்தால் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும். காதுக்கும் கண்ணுக்கும் வேண்டியதை நான் எடுத்து வைக்கிறேன். கழுத்து மூடிய சட்டை, மூடிய ஷூ போட்டுக்கொள். சுட்டதும் வெளியே தெறிக்கும் தோட்டா உறை கொதிக்கக் கொதிக்கக் கழுத்துக்குள் விழும். அந்தச் சூட்டில் துள்ளுபவர்கள் கையிலிருக்கும் குழலை எங்கே திருப்புகிறோம் என்றே பார்ப்பதில்லை. லைசென்ஸும் கிரீன் கார்டும் கையில் இருக்கட்டும், ரேஞ்சில் கேட்பார்கள்.

அன்புடன்,
மாமா